நேர்கோட்டில் நின்ற பெரியப்பா

1

சென்ற வாரம் இங்கே டிரெஸ்டனில், வீட்டுக்கு அருகிலுள்ள கடையில், தயிர் டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்துக்கொண்டு நின்றேன். வாங்கும் பொருளின் பின்பக்கத்தை முழுக்கப் படிக்காமல் நான் கூடையில் போட்டதில்லை. தொழில் கொடுத்த வியாதி. தள்ளுவண்டியோடு பின்னால் வந்த ஒரு பெண், என் மகள் வயதிருக்கும், "நீங்கள் வழியில் நிற்கிறீர்கள்" என்றாள். குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டு ராத்தூக்கம் கெட்டிருக்கிறேன். பெரியவர், சின்னவர் என்று பார்க்காமல் முகத்துக்கு நேரே சொல்கிறார்களே, இவர்களை வளர்த்தவர்கள் யார் என்று ஊருக்கு எழுதியும் இருக்கிறேன். கோயமுத்தூர்க்காரனுக்கு மரியாதை ரத்தத்தில் ஊறியது, இவர்களுக்கு ரத்தத்தில் பீர்தான் ஊறுகிறது என்று எழுதி, நாலு பேர் அதைப் பாராட்டிப் பதிலும் போட்டார்கள்.

இந்த முறை தள்ளி நின்றேன். மன்னிப்பும் கேட்டேன். வீடு வந்து சேரும்வரை காது சூடாகவே இருந்தது. காரணம் அந்தப் பெண் இல்லை. இந்த ஆண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூர் பீளமேட்டில் நடந்த ஒரு காரியம். அன்று அரங்கத்தில் இருந்த சிலர் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் மரியாதை கருதி வெளியே சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: பீளமேட்டில் பொறியியல் படித்தேன். சில ஆண்டுகள் அரசு வேலையில், யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கும் பிரிவில் இருந்தேன். பிறகு இங்கே வந்து, ரேடியோக் கருவிகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஒரு கூடத்தில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தேன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு குழந்தையின் பொம்மை வாக்கிடாக்கிகூடக் கடைக்குப் போகாது. எந்த நாட்டில் எந்த அலைக்கு என்ன விண்ணப்பம், எத்தனை பிரதி, எந்த அலுவலகம் மதியம் பூட்டிவிடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்று என் மனைவி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் நிலா இங்கேயே பிறந்தவள். இந்த ஊரில் சிப் செய்யும் ஆய்வுக்கூடம் ஒன்றில் அளவிடும் வேலை பார்க்கிறாள். அவளுடைய தமிழ் அவள் அம்மா கொடுத்தது. கொங்குத் தமிழை ஜெர்மன் மூக்கால் பேசுவாள். அம்மா போனபிறகு எங்களுக்குள் தமிழ் சுருங்கிவிட்டது. "சாப்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா", "வாரேன்". ஞாயிறுதோறும் வருவாள், இந்த மூன்றையும் சொல்வாள், போவாள்.

ஆனால் பீளமேட்டில் இருக்கும் என் தம்பி மகள் கோகிலாவிடம் அவள் மணிக்கணக்கில் பேசுவாள். கோகிலா அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியை. இருவரையும் சேர்த்துவைத்தது நானோ என் தம்பியோ அல்ல. ஒரு சிப்.

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைபேசி பயன்படுத்தும் அலைகளைவிட நூறு மடங்குக்குமேல் வேகமாகத் துடிக்கும் அலைகள் உண்டு. முந்நூறு கிகாஹெர்ட்ஸ், அதாவது டெராஹெர்ட்ஸ் என்ற பெரிய ஊரின் எல்லைக்கல். அங்கே ஓர் அலையின் நீளம் ஒரு கடுகு அகலம்தான். அந்த உயரத்தில் இடம் தாராளமாக இருப்பதால், ஒரு முழுப் படத்தைக் கம்பியில்லாமல் கொட்டாவி விடும் நேரத்தில் அனுப்பிவிடலாம். சிக்கல் என்னவென்றால், நம் கணினிகளில் இருக்கும் சாதாரண சிலிக்கான் அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். அலையைப் பெருக்கித்தர அதற்குத் தெம்பு இருக்காது. விலை கூடிய வேறு பொருட்களில் செய்யலாம்தான். ஆனால் சிலிக்கானில் செய்தால்தான் அது நாளைக்கு எல்லார் கைக்கும் வரும். கோகிலாவும் அவள் மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். ஒரே சிப்புக்குள் பல சிறிய மின்சுற்றுகள், ஆளுக்குக் கொஞ்சமாக அலையைத் தள்ள வேண்டும். அத்தனையும் ஒரே தாளத்தில் தள்ள வேண்டும். அனுப்புவதும் வாங்குவதும் அந்த ஒரே வகைச் சிப்.

வரைந்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும். செய்வதற்கு ஆகும் செலவு ஒரு கல்லூரியால் முடிகிற காரியமில்லை. நிலாவின் டிரெஸ்டன் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிலிக்கான் வட்டத்தகட்டில் பல பேருடைய சிப்புகளைச் சேர்த்து வார்ப்பார்கள். அதில் ஓர் ஓரத்தில் கோகிலாவுக்கு ஒருமுறை இடம் கொடுத்தார்கள். முதல் சிப் வேலை செய்தது. இரண்டாவது, திருத்திய சிப்புக்கு இடம் வேண்டும். அதை முடிவு செய்யும் குழுவின் தலைவர் பேராசிரியர் கிளாரா நேரில் வந்து, முதல் சிப் ஓர் அரங்கத்தின் நீளத்துக்கு இணைப்பைப் பிடித்து நிறுத்துகிறதா என்று பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் இடம். பிடிக்காவிட்டால் அந்த மாணவர்களின் ஆராய்ச்சி கணினித் திரையிலேயே முடிந்துபோகும்.

இங்கேதான் நான் நுழைந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

3

உண்மையில் ஆரம்பத்தில் நான் உபயோகமாகத்தான் இருந்தேன். அளவிடும் கருவிகள் சுங்கத்தில் மாட்டாமல் போய்த் திரும்ப வேண்டிய காகிதங்கள், சோதனை ஒலிபரப்புக்கு அனுமதி, எல்லாவற்றையும் நானே பார்த்தேன். நிலா, கிளாராவோடு அளவிடுபவளாக வருகிறாள். கோகிலாவோ அவளுக்குச் சித்தப்பா மகள். உறவு இருப்பதை மறைக்கக் கூடாது என்பதால், மதிப்பீடு பற்றி நிலா எந்தக் கருத்தும் சொல்லமாட்டாள் என்று ஓர் உறுதிமொழியை நானே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினேன். "இது நல்லா இருக்குதுங்களா அப்பா?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். வாசகம் அவ்வளவு கச்சிதம்.

ஒரு வாரம் முன்பே பீளமேடு போய்த் தம்பி வீட்டில் இறங்கினேன். கோகிலா அரங்கத்தைக் காட்டினாள். பின்வாசல் அருகே அனுப்பும் சிப், மேடையில் வாங்கும் சிப், இரண்டுக்கும் முன்னால் உள்ளங்கை அகல லென்ஸ். நடுவே வெறும் காற்று. நான் சிவப்பு நாடா கேட்டேன்.

"பெரியப்பா, நாடாவெல்லாம் வேணுங்களா? நெம்பச் சின்ன பவருங்க. குறுக்கால கைய நீட்டுனாக்கூட ஒண்ணும் ஆகாது. இணைப்புத்தான் போகும்."

"ஆகுமா ஆகாதாங்கறது கேள்வி இல்ல கண்ணு. கோடு கட்டினோமாங்கறதுதான் கேள்வி."

"சரிங்க பெரியப்பா."

கட்டினார்கள். நாடாவுக்குள் பாதுகாப்பு அலுவலர் தவிர எவரும் எக்காரணத்தைக் கொண்டும் நுழையக் கூடாது என்று மூன்று மொழிகளில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேட்டாள். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையை ஏற்கனவே டிரெஸ்டனில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தேன்.

நிகழ்ச்சி அன்று காலை, கல்லூரித் தாளாளர் தன் கையாலேயே மேற்பார்வை பார்த்து, அரங்கின் பின்வாசலில் குலை தள்ளிய வாழைமரங்களைக் கட்டவைத்திருந்தார். வாழை என்பது நின்றுகொண்டிருக்கும் தண்ணீர். இந்த அலைக்குத் தண்ணீர் என்றால் கருங்கல் சுவர். ஒரு மரம் சரியாக லென்ஸுக்கு முன்னால் நின்றது.

"எடுக்கச் சொல்லிடு" என்றேன்.

கோகிலா பதறிவிட்டாள். "தாளாளர் ஐயாகிட்டப் போயி வாழைய எடுங்கன்னு எப்படிங்க சொல்றது? ஆசையாக் கட்டியிருக்காரு. நாங்களே மெசினை நவுத்திக்கறோங்க."

இரண்டு மாணவர்களும் அவளும் தரையில் மண்டியிட்டு அனுப்பும் பக்கத்தை ஒதுக்கி, கோட்டை மறுபடி நேர்செய்தார்கள். வேர்த்து வழிந்தது. "பெரியப்பா, லைன் இப்ப இந்தப் பக்கமா வருதுங்க" என்று கையால் காட்டினாள். நான் அனுமதிக் காகிதங்களின் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே "ம்" என்றேன். ஒரு பெரிய மனிதரின் மனம் நோகாமல் காரியத்தை முடித்தாளே, நம் வீட்டு வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

4

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுக்குப் பக்கத்தில் இளநீரோடு பேராசிரியர் கிளாரா. மேடைக்குப் பின்னால் அளவுக் கருவிகளோடு நிலா. பெரிய திரையில், நாலைந்து கேமராக்கள் எடுக்கும் காட்சி, சுருக்காமல், கலப்பில்லாமல், காற்றின் வழியாக வந்து விழுந்தது. வாசலில் இருந்த வாழைக்குலையில் ஓடிய எறும்பைத் திரையில் பார்க்க முடிந்தது. கூட்டம் "அடேங்கப்பா" என்றது. கிளாரா பேனாவைத் திறந்தார்.

விருந்தினர்களுக்குப் பொன்னாடை. எனக்கும் ஒன்று. தாளாளர் நாடாவின் ஓரம்வரை வந்து நின்றுகொண்டு, உள்ளே இருந்த எனக்குக் கையை நீட்டிப் போர்த்தினார். விதியை அவர்கூட மதிக்கிறார் என்று எனக்குப் பெருமை. போர்த்திய சால்வையோடு இரண்டடி பின்னால் போய், வழக்கமாக நிற்கும் இடத்தில் நிமிர்ந்து நின்றேன்.

திரை கறுத்தது.

முதலில் சிரித்தேன். நேரடிக் காட்சி என்றால் இப்படி ஏதாவது வரும். வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கிளாரா என்னைப் பார்த்தார். அவர் என்னையே பார்த்ததை, விளக்கம் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விளக்கம் என்னிடம் எப்போதும் கைவசம் இருக்கும்.

"ஐயா" என்று நாடாவுக்கு வெளியே இருந்து ஒரு மாணவன் கூப்பிட்டான். "ஏனுங்க ஐயா, இப்படி வந்து உக்காருங்களே."

"இருக்கட்டும் தம்பி."

"சேர் போட்டிருக்குதுங்க ஐயா. இந்தப் பக்கம். ஃபேனுக்குக் கீழ."

"வேலை முடியட்டும்."

கோகிலா ஓடிவந்தாள். நாடாவின் ஓரத்தில் நின்று, "பெரியப்பா, தண்ணி குடிக்கறீங்களா? இங்க வந்து குடிச்சுப்போட்டுப் போங்க" என்றாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக் கையமர்த்தினேன். தாளாளர் தன் பங்குக்கு, "ஐயா எவ்வளவு நேரமா நிக்கறாரு, கால் நோவாதுங்களா? யாராச்சும் ஐயாவைக் கவனிங்கப்பா" என்றார். ஒருவர் காபி கொண்டுவந்து நாடாவுக்கு வெளியே, எனக்கு எட்டாத தூரத்தில், பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் கிளாராவிடம் ஜெர்மனில் பேச ஆரம்பித்திருந்தேன். இங்கே மின்சாரம் ஒரே சீராக வராது என்றேன். இணைப்பு முனைகளை இந்த ஊரில் கையால் நெருக்கியிருப்பார்கள் என்றேன். கருவி சூடாகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியை மாணவர்கள் படித்திருக்கமாட்டார்கள், படித்தாலும் பின்பற்றமாட்டார்கள் என்றேன். "இங்கே எல்லாவற்றையும் கம்பி கட்டித்தான் ஓட்டுவார்கள்" என்று சொல்லிச் சிரித்தேன். ஜெர்மனில் சொன்னதால் வீட்டு ரகசியத்தை வெளியாளிடம் சொல்வதுபோல ஒரு சுகம் இருந்தது. காபி ஆறிப் போகும் அளவுக்குப் பேசினேன். மாணவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்றார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்து நிலா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். படியிறங்கி நேராக நடந்துவந்து, மூன்று மொழி அட்டை தொங்கிய நாடாவைக் காலைத் தூக்கித் தாண்டினாள்.

"நிலா, உள்ளே வரக் கூடாது…"

"அப்பா, அக்கட்டால போங்க" என்றாள். அவள் அம்மாவின் சொல், அம்மாவின் குரல். இரண்டு தோள்களையும் பிடித்து, பீரோவை நகர்த்துவதைப்போல என்னை ஓரமாக நகர்த்தினாள்.

திரை விழித்துக்கொண்டது. பக்கவாட்டுக் கேமராவின் காட்சி. அதில் சால்வை நழுவிய ஒரு கிழவன், வாய் பாதி திறந்தபடி, மகள் பிடியில் நின்றான். தாடையில் சவரத்துக்குத் தப்பிய வெள்ளை முடிகூடத் தெரிந்தது. இவ்வளவு துல்லியமாக என்னை நான் பார்த்ததே இல்லை.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கேலி இல்லை. நிம்மதி.

5

என் வாழ்நாள் முழுக்க நான் சோதித்த அலைகள் மனிதனைச் சட்டை செய்யாதவை. குறுக்கே நின்றால் சுற்றிக்கொண்டு போகும், சுவரில் பட்டு வேறு வழியில் வந்து சேரும். ஒரு பெரியவர் வழியில் நின்றால் அவரை நோகடிக்காமல் வளைந்து போகும் கோயமுத்தூர்க்காரர்களைப் போன்ற அலைகள். முந்நூறு கிகாஹெர்ட்ஸ் அப்படி வளையாது. எனக்குத் தெரியாததல்ல. கிளாராவுக்கே அதைப் பற்றி விளக்கியிருக்கிறேன். ஆனால் என் உடம்பும் அந்தக் கணக்கில் சேரும் என்று தோன்றவில்லை.

தாராபுரத்தில் நடந்த என் தம்பி கல்யாணம் நினைவுக்கு வந்தது. எங்கள் அப்பாவின் அண்ணன் ஒருவர், தாலி கட்டும் நேரத்தில் போட்டோக்காரருக்கு நேர் முன்னால் போய் நின்றுவிட்டார். போட்டோக்காரர் "ஐயா, அங்க புகையா இருக்குதுங்க" என்றார். "ஐயா, வேட்டில நெருப்புப் படப்போகுதுங்க" என்றார். நகருங்கள் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. சுற்றி நின்ற நூறு பேரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தைப் பார்த்தால் ஒரு பெரிய முதுகு தெரியும். அந்த முதுகுக்குப் பின்னால் என் தம்பி தாலி கட்டிக்கொண்டிருக்கிறான். இந்தக் கதையை டிரெஸ்டனில் எத்தனையோ விருந்துகளில் நடித்துக் காட்டியிருக்கிறேன். முதுகை விரித்து நிற்கும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அரங்கத்தில், தேநீர் இடைவேளையில், கிளாரா மாணவர்களிடம் போனார். ஒரு பெண்ணிடம், பழக்கத்தில் ஜெர்மனிலேயே ஏதோ கேட்டுவிட்டார். அந்தப் பெண் ஜெர்மனிலேயே பதில் சொன்னாள். இலக்கணம் சுத்தமாக இருந்தது. பக்கத்திலிருந்த பையனும் சேர்ந்துகொண்டான். பிறகு இன்னொருவன்.

என் கையிலிருந்த போண்டா அப்படியே நின்றது. கோகிலாவைப் பார்த்தேன்.

"பாதி கிளாஸ் ஜெர்மன் படிக்குதுங்க பெரியப்பா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "சாயங்காலமானா அதுக்குன்னு தனியா கிளாஸ் போறாங்க. எல்லாருக்கும் அங்க வரோணும்னு ஆசைங்க."

"நீ?"

"நானுந்தானுங்க. பரிச்சையெல்லாம் எழுதிப்போட்டேன்."

கம்பி கட்டி ஓட்டுவார்கள் என்று நான் சிரித்தபோது "சரிங்க" என்று தலையாட்டிய முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். யாரும் என்னை முறைக்கவில்லை. ஒரு பெண் இன்னொரு போண்டாவைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். "சூடா இருக்குதுங்க ஐயா."

6

இனி எழுதப்போவதுதான் எழுதக் கைவராத பகுதி.

இணைப்பு அறுந்தால், ஏன் அறுந்தது என்று அன்றே பதிவு செய்ய வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டியவர் ஆய்வுக்குப் பொறுப்பானவர், அதாவது கோகிலா. கல்லூரி முதல்வர் அறையில் கிளாரா கேட்டார். அறையில் நான், நிலா, என் தம்பி எல்லாரும் இருந்தோம். கோகிலா ஆங்கிலத்தில் சொன்னாள்: காலையில் கருவியை நகர்த்தினோம், கோட்டை நான் சரியாக நிறுத்தவில்லை, தவறு எங்களுடையது.

அதன் பொருள் அந்த அறையில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. குறுக்கே ஆள் நின்றான் என்றால் சிப்புக்கு அதில் பழியே இல்லை. எந்தச் சிப்பாக இருந்தாலும் அறுந்திருக்கும். கோடு நிற்கவில்லை என்றால், இந்தக் கருவியை நம்ப முடியாது என்று பொருள். இடம் கிடைக்காது.

கிளாரா உடனே எழுதவில்லை. "நான் பார்த்ததை நான் பார்த்தேன். ஆனால் பொறுப்பாளர் சொல்வதைத்தான் நான் எழுத முடியும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். காத்திருந்தார். நிலாவும் என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறக்க முடியாது, நான் எழுதிய கச்சிதமான உறுதிமொழி தடுத்தது. என் தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணன் அவமானப்படுவதைப் பார்க்கக் கூடாது என்று சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சால்வையை மடித்தேன். நான்காக மடித்தேன், ஓரம் சேரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தேன். அதற்குள் கிளாரா எழுதி முடித்துவிட்டார்.

7

டிரெஸ்டன் திரும்பியபின் மூன்று ஞாயிறுகள் நிலா வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தாள். குளிர்கோட்டைக் கழற்றவில்லை.

"குழு கூடப்போகுதுங்க. அதுக்கு முன்னாடி திருத்தம் குடுக்கலாம். யாரு குடுக்கலாம், எப்படிக் குடுக்கலாம்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். நேரில் பார்த்த எவரும் கொடுக்கலாம். ஆனால் பொறுப்பாளர் சொன்னதை மாற்றுவதால் அவருடைய சம்மதம் வேண்டும். கோகிலாவை அழைத்தேன். நிலா நின்றுகொண்டே இருந்தாள்.

"பெரியப்பா, சொல்லுங்க. நல்லா இருக்கறீங்களா?"

"கோகிலா, அன்னைக்கு நடந்ததைக் குழுவுக்கு எழுதலாம்னு இருக்கேன். நீ சரின்னு சொல்லணும்."

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க. முடிஞ்சு போச்சுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"உங்க சிப் கண்ணு."

"பரவாயில்லீங்க பெரியப்பா. அடுத்த வருசம் பாத்துக்கலாங்க. நீங்க எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சீங்க! நீங்க இல்லீன்னா கருவியே சுங்கத்தத் தாண்டியிருக்காதுங்க."

இப்படியே போனது. நான் எந்தப் பக்கம் போனாலும் அவள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு, ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை, ஜெர்மனில் கேட்டேன்: அன்று நீ ஏன் என்னிடம் நேராகச் சொல்லவில்லை?

பீளமேட்டுத் தெருவில் ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்புறம் அவளும் ஜெர்மனில் பேசினாள். மெதுவாக, வினைச்சொல்லைத் தேடித்தேடி.

"நீங்கள் கோட்டில் நின்றீர்கள். எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு என் மாணவர்களைப் பற்றிப் பேசினீர்கள். அவர்கள் அழுதார்கள், அன்று அல்ல, மறுநாள். நான் பொய் சொன்னேன். என் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னால் உங்களை என்னால் சொல்ல முடியாது. நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் துணியை மடித்தீர்கள். தயவுசெய்து எழுதுங்கள். எனக்கு அந்த இடம் வேண்டும்."

"எழுதுகிறேன்" என்றேன்.

"நன்றி" என்றாள் ஜெர்மனில். மூச்சுகூட விடாமல் தமிழுக்குத் திரும்பினாள். "அங்க நெம்பக் குளுருதுங்களா பெரியப்பா? ஸ்வெட்டர் போட்டுக்கங்க."

நிலா குளிர்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

8

திருத்தத்தில், காரணம் என்ற இடத்தில், அலையின் பாதையில் மனித உடல் ஒன்று தடையாக இருந்தது என்று எழுதினேன். இத்தனை வருட வேலையில் எழுதிப் பழகிய வாக்கியம். நிலா படித்துவிட்டு, "எந்த மனுசன்?" என்றாள். பெயரை எழுதினேன். பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியையும் எழுதச் சொன்னாள். மாணவர்களைப் பற்றி நான் சொன்ன காரணங்கள் எவையும் உண்மையல்ல என்று ஒரு வாக்கியத்தை நானே சேர்த்தேன். அவள் அதைத் திருத்தவில்லை.

கோகிலாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. திருத்திய சிப் இப்போது இந்த ஊரில், என் வீட்டிலிருந்து டிராமில் போகும் தூரத்தில், ஒரு தகட்டின் ஓரத்தில் தயாராகிக்கொண்டிருக்கிறது. அது வந்ததும் பீளமேட்டில் மறுபடி ஒரு நிகழ்ச்சி. இந்த முறை திறந்தவெளியில், ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு.

போன ஞாயிறு கோகிலா அழைத்தாள். நிலாவோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு என்னைக் கேட்டாள். நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னாள், யார் யார் வருகிறார்கள் என்று சொன்னாள். அனுமதி வேலைகளை அந்த ஜெர்மன் பேசிய பெண்ணே கற்றுக்கொண்டு முடித்துவிட்டாளாம். எதையும் விடவில்லையாம்.

"நல்லது கண்ணு" என்றேன்.

"அப்புறம் பெரியப்பா…" என்று இழுத்தாள். "இந்த வயசுல அவ்வளவு தூரம் எதுக்குங்க அலையறீங்க. வெயில் காலம் வேறங்க. நிலா போன்லயே காட்டுவா, ஊட்டுல உக்காந்து பாத்துக்கலாங்க."

நான் ஜெர்மனியில் பாதி ஆயுளைக் கழித்தவன்தான். ஆனாலும் கோயமுத்தூரில் பிறந்தவன். எதுக்குங்க அலையறீங்க என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சொல்லிவிட்டு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. எப்போதும்போல நான் விதிகளை எடுத்து விளக்கி, வருவேன் என்று சொல்லிவிட்டால், அவள் சரிங்க என்றுதான் சொல்வாள். நான் வந்தும் நிற்பேன்.

"நானே சொல்லலாம்னு இருந்தேன் கண்ணு" என்றேன். "முழங்கால் பிடிச்சுக்குது. அவ்வளவு நேரம் பிளேன்ல உக்கார முடியாது. நீங்களே நல்லபடியா முடிச்சுருங்க."

"அய்யோ, அப்படீங்களா? உடம்பப் பாத்துக்கங்க பெரியப்பா." குரலிலிருந்து ஒரு சுமை இறங்கியது. மறைக்க முயன்றாள், முடியவில்லை.

போனை வைத்தேன். நிலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்பங்க முழங்கால் வலி வந்துச்சு?"

"இப்பத்தான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள்.